இறக்கத்தில் நடந்து பார்த்து வாங்குங்கள்

சப்பாத்துக் கடையில் நம் கையில் ஒரு சோடியைக் கொடுத்ததும் முதலில் உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். "மெத்து மெத்தென்று இருக்கிறது டீச்சர், பாருங்கள்." குதிகால் வலியோடு போகிறவர்கள் அந்த மென்மையில் மயங்கிவிடுவது இயல்பு. வலிக்கிற காலுக்கு மெத்தை வேண்டும் என்றுதானே மனம் சொல்லும். ஆனால் எங்கள் மலையகத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று உறுதியாகச் சொல்வேன். காலை அசையாமல் பிடித்து வைத்திருக்கும் சப்பாத்துதான் இங்கே முதல் தேவை. மென்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பஸ் இறங்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் கொங்கிரீட் பாதை, பிறகு தேயிலைக்கு நடுவே கற்படிகள். பாடசாலையில் நின்றபடியே பொழுது போகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் முள் குத்தியதுபோல் ஒரு வலி, நாலு எட்டு நடந்ததும் குறைவது, மாலையில் மறுபடி பிடிப்பது: இந்த வலியைப் பலர் அறிவார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது புண்பட்டிருக்கும்போது, இரவெல்லாம் தளர்ந்து கிடந்துவிட்டு முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது; வலி அதனால்தான். எழுவதற்கு முன்பே, உட்கார்ந்தபடி கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து விட்டால் அந்த முதல் அடி எவ்வளவோ இலேசாகிவிடும். வெறும் சிமெந்துத் தரையில் காலை வைக்கவே கூடாது. கட்டிலுக்குக் கீழேயே செருப்பு இருக்க வேண்டும்.

சமதரையில் வாழ்கிறவர்களுக்கு இல்லாத ஒரு பிரச்சினை நமக்கு இருக்கிறது. ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுபடுகிறது. அந்த இழுவை குதிகாலுக்கும் வந்து சேர்கிறது. இறக்கத்தில் பாதம் சப்பாத்துக்குள் முன்னால் சறுக்கி விரல் நுனிகள் போய் இடிக்கின்றன. பெருவிரல் நகம் கறுத்துப் போவது இப்படித்தான். பின்கட்டும் மேல்பட்டியும் இல்லாத சிலிப்பரில் இறங்கினால் அது கழன்று போகாதபடி விரல்களால் கவ்விக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. நோவு பிடித்த காலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஆகவே கடையில் சப்பாத்தைக் கையில் எடுத்ததும் நான் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். குதிகாலைச் சுற்றி வரும் பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் அது எளிதில் அமுங்கக் கூடாது. பிறகு முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். நம் விரல்கள் மடியும் இடத்தில் மட்டுமே அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்க வருகிற சப்பாத்தும் வேண்டாம்.

உள்ளே விரித்திருக்கும் இன்சோல் கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கழற்றித் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரங்களில் வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிஞ்ச வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. பிரித்தானிய அளவில் ஓர் எண் கூடினால் ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் கூடும், ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீற்றர்தான். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதும் அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். பொழுது சாயச் சாயப் பாதம் சற்று வீங்கும் என்பதால் பாடசாலை விட்ட பிறகு போவதே நல்லது. தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் மட்டும் போகாதீர்கள். அந்த நெரிசலில் உட்காரவே இடம் இருக்காது.

கடைசியாகக் கடைப்பையனிடம் கேட்பேன்: "தம்பி, அந்தப் படியில் ஒரு தரம் இறங்கி ஏறிப் பார்க்கட்டுமா?" ஹட்டன் கடைகளில் படிக்குப் பஞ்சமில்லை. இறங்கும்போது விரல் இடித்தால் அந்த அளவு சரியில்லை. சேலைக்குக் கீழே நாடா கட்டிய சப்பாத்தா என்று ஆசிரியர் அறையில் சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும். நாள் முழுக்க நிற்கப் போவது என் கால்தானே.

என் காலை விட அம்மாவின் காலுக்கு வாங்குவதுதான் பெரிய பொறுப்பு. பல வருடங்கள் மலையில் கொழுந்து பறித்தவர். இளமையிலிருந்தே வெறுங்காலோடு நடந்த பாதம். முன்பகுதி அகன்று விரல்கள் விரிந்திருக்கும். இப்போது சீனி வியாதி. கிளினிக்கில் அம்மாவின் கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா அம்மா?" என்று கேட்டார்கள். 10 கிராம் விசையிலேயே வளைந்துவிடும் இழை அது. பெருவிரலின் அடியிலும் குதிகாலிலும் தொட்டபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உணர்ச்சி குறைந்த பாதம் உள்ளவர்களுக்கு, சப்பாத்து இறுகப் பிடித்தால்தான் போட்டிருப்பதே தெரியும். அதனால் அளவில் சிறியதையே "இதுதான் சரியாக இருக்கிறது" என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அவர் சொல்லை நம்பாமல் காகிதத்தை நம்பினேன். அம்மாவைத் தாளின் மேல் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். சப்பாத்துக்குள் நுழைத்ததும் காகிதத்தின் ஓரம் மடிந்தால் அது ஆகாது. பெண்கள் பக்கத்தில் இருந்த எல்லாவற்றிலும் மடிந்தது. ஆண்கள் பக்கத்தில், முன்புறம் மூடி வெல்க்ரோ பட்டி வைத்த ஒன்றில்தான் காகிதம் விரிந்து படுத்தது.

"ஆண்கள் செருப்பா எனக்கு?" என்றார் அம்மா.

"காலுக்குத்தான் அளவு அம்மா, ஆளுக்கு இல்லை" என்றேன்.

பட்டி அம்மாவின் புறங்காலுக்கு எட்டவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் ஐயா அதைப் பிரித்து, நீளமாக ஒரு துண்டு சேர்த்து, தையல் உள்ளே உரசாதபடி மேற்புறமாக முடிந்து கொடுத்தார். கைப்பழக்கம் உள்ள இப்படி ஒருவர் ஊரில் இருப்பது பெரிய கொடுப்பினை.

புதிதை முதல் நாளே நாள் முழுக்கப் போட விடவில்லை. ஒரு மணி நேரம், பிறகு கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவது. போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுக் கல், முள் ஏதும் கிடக்கிறதா என்று தடவுவதும் உண்டு. மழைக்காலத்தில் நனைந்தால் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் உலர்த்துகிறேன். அடுப்போரம் வைத்தால் பசை விட்டுவிடும்.

கோயில்தான் மிச்சமிருந்தது. வாசலில் சரளைக்கல், அம்மாவுக்கு வெறுங்கால் ஆகாது. தடித்த காலுறையோடு உள்ளே வரலாமா என்று ஐயரிடம் கேட்டேன். "தாராளமாக வரச் சொல்லுங்கள்" என்றார். இப்போது வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு சோடி வெள்ளைக் காலுறை தனியாகத் துவைத்து வைத்திருக்கிறோம்.