ஒரு போல்ட்டுக்காகத் திருச்சி வரை

காரின் பிரேக் டிஸ்க்கையும் பேடையும் நானே மாற்ற இறங்கினேன். முன்சக்கரம் இரண்டும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. 7 மி.மீ. ஆலன் கீ, 21-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், பழைய டிஸ்க்கைத் தட்டி எடுக்க ஒரு சுத்தியல், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் பின்பக்கம் கை வைத்தேன்.

வண்டி 2011 மாடல் ஆடி டிடி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டாமல் நிறுத்தி வைத்ததில் நான்கு டிஸ்க்கும் துருவேறிப் போயின. பாபநாசத்தில் இந்த வண்டியைத் தொட ஆள் இல்லை. சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு நல்ல கறவை மாடே வாங்கலாம். சரி, நாமே செய்வோம் என்று தை மாதம் இறங்கினேன்.

முதல் அடி ஜாக்கியில் விழுந்தது. எங்கள் வாசல் வண்டல் மண். மேலே காய்ந்து கல் மாதிரி இருந்தாலும் அடியில் ஈரம். வண்டியைத் தூக்கத் தூக்க ஜாக்கி மண்ணுக்குள் போனது. பழைய நிலைக்கதவின் பலகையைப் போட்டுத்தான் நிறுத்தினேன். டெல்டாக்காரர்கள் யாராவது இதைச் செய்வதாக இருந்தால் சிமெண்ட் தரை தேடுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடவே விடாதீர்கள்.

பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம் காலிபர். பின் டிஸ்க்கைக் கழற்ற, அந்தக் காலிபர் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் வெளியே வர வேண்டும். அதன் தலை அறுகோணமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. உள்ளே பன்னிரண்டு முனை. எம் 14 ஸ்பிளைன் பிட் வேண்டும். பாபநாசத்தில் இல்லை, கும்பகோணத்தில் இல்லை. போனில் கேட்டபோது திருச்சிக் கடை ஒன்றில் “இருக்கு, வாங்க” என்றார்கள். கார் வீட்டு வாசலில் சக்கரம் கழற்றி ஸ்டாண்ட் மேல் நிற்கிறது, அதனால் பஸ். “காரை வச்சுக்கிட்டு பஸ்ல போறவன் நீ ஒருத்தன்தான்டா” என்றார் அப்பா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் ஆறு முனை டார்க்ஸ் பிட்! கடைக்காரரைச் சொல்லி என்ன? அங்கேயே பிரித்து எண்ணிப் பார்க்காதவன் நான்தானே.

“இதையே அடிச்சு இறக்கிடலாம் தம்பி” என்றார் பக்கத்துத் தெரு டிராக்டர் மெக்கானிக் அண்ணன். நல்லவேளை, நான் விடவில்லை. போல்ட் தலை உள்ளே வழித்துக்கொண்டால் அப்புறம் வெல்டிங்தான். ஆன்லைனில் சரியான பிட் வர ஐந்து நாள். வந்ததும் பைப்பைச் செருகி ஒரு இழு இழுத்தேன். வேட்டுச் சத்தத்தோடு போல்ட் விட்டது.

அடுத்த வம்பு, காலிபருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன். தடிமனான புது பேடுக்கு இடம் கிடைக்க அதை உள்ளே தள்ள வேண்டும். முன்பக்கம் போல சி-கிளாம்ப் வைத்து அழுத்தினோம், அசையவில்லை. இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் காலிபருக்குள்ளேயே வேலை செய்வதால், பிஸ்டனை அழுத்திக்கொண்டே வலப்புறமாகத் திருகினால்தான் உள்ளே போகும். முரட்டுத்தனமாக அழுத்தினால் காலிபரே போய்விடும். தப்பு புரிந்ததும் அண்ணன் பட்டறைக்குப் போனார். ஒரு பட்டைத் துண்டில் இரண்டு ஆணியை வெல்டு வைத்து, பிஸ்டன் முகத்துக் குழிகளில் பொருந்துகிற மாதிரிக் கொண்டுவந்தார். பத்தே நிமிஷம்! இத்தனை நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், கவனம். எனக்கு வழிந்தது. ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதால் பெயிண்ட் தப்பித்தது. எல்லாம் மாட்டிய பிறகு பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். முதல் மிதி தரைவரை போகும். தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தால் வைக்கோல் போரில்தான் நிற்கும். வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்கினேன்.

புது பேட் படிய, அறுபதில் போய்ப் பத்துக்கு வரும்படி பிரேக் பிடித்து, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். எட்டு, பத்து தடவை. அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல். விடியற்காலை ஐந்து மணிக்குக் காலியாக இருந்த பக்கத்தில் ஆரம்பித்தேன். ஆறாவது தடவை கருகல் வாடை வந்தது. அது வரத்தான் செய்யும். நெல்லுக்குக் காவல் படுத்திருந்த பெரியவர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

“என்ன தம்பி, வண்டி நிக்க மாட்டேங்குதா?”

“நிக்குதுங்க பெரியப்பா, அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”