30 நாள் டயட்டில் என்னைப் படுத்தியது எண்ணெய்தான்

சர்க்கரை, தானியம், பருப்பு, பால் பொருள், மது எல்லாவற்றுக்கும் 30 நாள் லீவு. இதெல்லாம் கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே மனதைத் தேற்றி வைத்திருந்ததால் அவ்வளவாகத் தெரியவில்லை. நான் மாட்டிக்கொண்டது எண்ணெயில்தான். முதல் நாள் காலை முட்டை பொரிக்கலாம் என்று வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சோயா எண்ணெய். சோயா பருப்பு இனம், போச்சு. அடுத்தது சோள எண்ணெய், அது தானியம். கடலை எண்ணெயாவது ஆகுமா என்றால் நிலக்கடலையும் பருப்பு இனத்தில்தான் வருகிறதாம். வாணலி காய்ந்து புகை வர ஆரம்பித்துவிட்டது, நான் இன்னும் லேபிள் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, தேங்காய் எண்ணெய்க்குத் தடை இல்லையே என்று ஒரு பெரிய பாட்டில் வாங்கினேன். முட்டை, காய், மீன் எல்லாமே அதில்தான். நாலாவது நாள் எதைத் தின்றாலும் ஒரே ருசி. அதைவிட, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. நிறைவுற்ற கொழுப்பு (அதிகமானால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை) ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் கொழுப்புதான், இரண்டு டேபிள் ஸ்பூன் ஊற்றினாலே ஒரு நாள் கோட்டா ஏறக்குறைய தீர்ந்துவிடும். நான் மூன்றுக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். டயட் பட்டியலில் இருக்கிறது என்பதும் உடம்புக்கு நல்லது என்பதும் வேறு வேறு விஷயம், இதை யாராவது முதல் நாளே காதில் போட்டிருக்கலாம்.

அப்புறம் நெய். வெண்ணெய் கூடாது, நெய் மட்டும் பரவாயில்லை என்ற விதி முதலில் எனக்குக் கேலிக்கூத்தாகத்தான் பட்டது. ஒரு நாள் நானே வெண்ணெயை உருக்கிப் பார்த்தேன். முதலில் வெள்ளை நுரை பொங்கி வருகிறது, பிறகு சடசடவென்று சத்தம், அது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிற சத்தம் (வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்தான்). சத்தம் அடங்கும் நேரத்தில் அடியில் பால் கசடு பழுப்பாகத் திரண்டு நிற்கிறது. அங்கே அரை நிமிடம் அசந்தால் கருகல்தான், எனக்கு முதல் தடவை கருகியது. ஆனால் விதியின் காரணம் அப்போதுதான் புரிந்தது. விலக்கச் சொன்ன பால் புரதமும் பால் சர்க்கரையும் பெரும்பாலும் அந்தக் கசடில்தான் இருக்கின்றன, அதை வடிகட்டிவிட்டால் மிச்சம் கொழுப்பு மட்டும். சீக்கிரம் கருகுகிற சமாச்சாரமும் அதோடு போய்விடுவதால் நெய் வெண்ணெயைவிட நல்ல சூடு தாங்குகிறது. நிறைவுற்ற கொழுப்பு இதிலும் அதிகம் என்பதால் வாசத்துக்கு ஒரு ஸ்பூன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தினசரிக்கு வந்து நின்றது ஆலிவ் எண்ணெய். அதில் எக்ஸ்ட்ரா விர்ஜினை, அதாவது சுத்திகரிக்காமல் பிழிந்தபடியே வரும் வகையை, அடுப்பில் வைத்தாலே விஷம் என்கிற மாதிரி பலர் எழுதுகிறார்கள், அது மிகை. அது புகைய 190 டிகிரி செல்சியஸ் போல ஆக வேண்டும், சாதாரணமாகக் காய் வதக்குகிற சூட்டுக்கு அது தாராளம். புகை வரும் சூட்டை மட்டும் பார்த்து எண்ணெய் தேர்ந்தெடுக்கவும் முடியாது. எவ்வளவு எளிதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது என்பதும் முக்கியம், அந்த விஷயத்தில் ஆலிவ் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ரொம்பச் சூடு வேண்டுமென்றால் சுத்திகரித்த அவகாடோ எண்ணெய்.

ஒரே ஒரு இடத்தில் ஆலிவ் என் காலை வாரியது. கடை மயோனைஸில் சோயா எண்ணெயும் சர்க்கரையும் இருந்ததால் வீட்டிலேயே செய்யலாம் என்று முட்டையோடு எக்ஸ்ட்ரா விர்ஜினைப் பிளெண்டரில் அடித்தேன். பார்க்க அழகாகத் திரண்டது, வாயில் வைத்தால் வேப்பங்காய். வேகமாக அடிபட்டால் அதன் கசப்பு வெளியே வந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த தடவை வாசமில்லாத அவகாடோ எண்ணெயில் செய்தேன், சரியாக வந்தது.

நம் கண்ணில் படாத எண்ணெய்தான் பெரிய தொல்லை. வறுத்த முந்திரி பாக்கெட், டின் மீன், வெயிலில் காய்ந்த தக்காளி என்று எதைத் திருப்பினாலும் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ ஒரு எண்ணெய். வாணலியில் அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயில்கூட லெசித்தின் என்று சோயாவிலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருள்.

31ஆம் நாள் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய சோள எண்ணெய்ப் பாட்டில் கையில் வந்தது. வீணாக்குவானேன் என்று மூடியைத் திறந்தேன், குப்பென்று காறல் வாடை, பழைய பெயிண்ட் டப்பா மாதிரி. ஒரு மாதத்தில் இப்படி ஆகியிருக்காது. எத்தனை நாளாக அதிலேயே முட்டை பொரித்துத் தின்றுகொண்டிருந்தேனோ.