பரணை ஒழித்த புரட்டாசி

21 செப்டம்பர் 2024, சனிக்கிழமை

கொலுப் பெட்டிகள் பரணின் கடைசி மூலையில் இருக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டுமானால் முன்னால் இருப்பதையெல்லாம் இறக்கியாக வேண்டும். இறக்கியவற்றை அப்படியே திரும்ப ஏற்றிவிட்டு, அடுத்த புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதே எங்கள் உறையூர் வீட்டின் வழக்கம். இந்த முறை மகாளய அமாவாசைக்குப் பதினொரு நாள் இருக்கும்போதே ஏணியைப் போட்டேன்.

முதலில் வந்தவை வெறும் அட்டைப் பெட்டிகள். மிக்சி, குக்கர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் தெர்மோகோலோடு பத்திரமாக இருந்தன. வாரண்டிக்கு வேண்டும் என்று வைத்தவை. அந்த மிக்சி வீட்டைவிட்டுப் போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்து, 2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அதை இருவராகத்தான் இறக்க முடிந்தது. கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அம்மா, "அது உங்கப்பா வரிசையில நின்னு வாங்கினது" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. பெட்டி இப்போது கூடத்தில் இருக்கிறது.

22 செப்டம்பர், ஞாயிறு

இன்று பாத்திரங்கள். எவர்சில்வரில் பேர் வெட்டிக் கொடுக்கும் பழக்கத்துக்கு நான் இன்று நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் பரணில் இருந்த நாற்பத்து மூன்று பாத்திரங்களில் பதினொன்று எங்களுடையவையே அல்ல என்பது தெரியாமலே போயிருக்கும். பலகாரம் கொடுத்தனுப்பிய டப்பா, வளைகாப்புக்குச் சாதம் வந்த அடுக்கு, மழை நாளில் யாரோ குழம்பு கொண்டுவந்த தூக்கு என்று ஒவ்வொன்றும் "நாளைக்குக் கொடுத்துவிடலாம்" என்று தங்கி, பிறகு கொடுக்கக் கூச்சப்பட்டு மேலே ஏறியிருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற மரியாதையும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போடுவதற்கு ஏதாவது செய்யும் நாள் வருவதற்குள் பாத்திரம் மறந்துவிடுகிறது.

மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த முதலெழுத்துகளை அம்மா வாசித்தார். "கோ.வி." என்றிருந்த தூக்கு, 1998-இல் தஞ்சாவூருக்குக் குடிபோன எதிர்வீட்டுக்காரருடையதாம். நான்கை மாலைக்குள் தெருவிலேயே கொடுத்துவிட்டோம், நான்கிலும் மனைவி செய்த சுண்டலோடு.

எங்களுடையவற்றில் எதை விற்பது என்பதில்தான் சண்டை. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அம்மாவுக்கு ஒவ்வொன்றும் ஒரு கல்யாணம். கடைசியில், வெட்டிய பேருக்குரியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. வேலை மெதுவாக நடக்கிறது. ஆனால் போன ஆண்டைப்போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரும் சாப்பிடாமல் படுக்கவில்லை.

சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வந்து அட்டை, பாட்டில், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துப் போனார். தொலைக்காட்சியை மட்டும் தொடவில்லை. டியூப் டிவியை இப்போது யாரும் வாங்குவதில்லையாம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் உடைத்துக் குப்பையில் போடவும் முடியாது. மின்கழிவை முறையாக வாங்குகிறவர்களை விசாரிக்க வேண்டும்.

26 செப்டம்பர், வியாழன்

காகிதங்கள். இதில் சொல்ல அதிகம் இல்லை. வீட்டின் கிரையப்பத்திரமும் மூலப்பத்திரமும் ஒரு துணிப்பையில் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு மாற்றுக் கிடையாது. வில்லங்கச் சான்றையும் பட்டா நகலையும் இப்போது இணையத்திலேயே எடுத்துவிடலாம் என்பதால், பழைய நகல்கள் அடங்கிய கோப்பு கால்வாசியாகச் சுருங்கியது. தீர்ந்துபோன கடனின் தவணை ரசீதுகளைக் கிழித்தோம், கடன் முடிந்ததற்கான கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு. இரண்டு கோப்புகளின் முதுகை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. அதற்குப் பசை என்றால் உயிர். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன்.

29 செப்டம்பர், ஞாயிறு

என் கெட்டிக்காரத்தனத்துக்கு இன்று கூலி கிடைத்தது. கொலுப் படியின் இரும்புச் சட்டங்களை விரித்துவைத்துவிட்டு போல்ட்டுகளைத் தேடினால் காணவில்லை. படிக்கு நான்கு வீதம் ஐந்து படிக்கு இருபது போல்ட்டுகளும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன என்று மனைவி சொன்ன பிறகுதான், போன ஞாயிறு அந்தப் பாட்டிலை ஆட்டிப் பார்த்து, "துருப்பிடித்த சாமான்" என்று நானே இரும்புக்காரரிடம் நீட்டியது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் உரியவரைக் கேட்க வேண்டும் என்று பாத்திரத்துக்கு வைத்த விதியைப் பாட்டிலுக்கு வைக்கத் தவறிவிட்டேன். கொலு மனைவியின் பொறுப்பு. கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான்.

பெரிய கடைவீதிப் பக்கம் போய் ஆறு மில்லிமீட்டர் போல்ட் இருபது வாங்கி வந்தேன். சட்டத்தோடு பற்றவைத்திருந்த நட்டுகளில் அவை பிடிக்காமல் தொளதொளவென்று ஆடின. பின்கால் ஒன்றில் பழைய போல்ட் ஒன்று துருவேறிச் சிக்கியிருந்ததைப் பார்த்து, தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். கடைக்காரர் விரலிடையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது கால் அங்குலம் சார்" என்றார். நூலிழை வித்தியாசம்தான், ஆனால் அந்த நூலிழையில் ஐந்து படி பொம்மையும் நிற்க வேண்டும்.

2 அக்டோபர், புதன்கிழமை

அமாவாசை. தர்ப்பணம் முடிந்து, மாலையில் படி கட்டி, மரப்பாச்சியை முதலில் வைத்தோம். படி ஆடவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

நேற்று விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, இன்று எல்லாவற்றையும் கட்டினோம். விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மைகளைப் பழைய வேட்டிக் கிழியலில் சுற்றி, அதற்கு மேல்தான் செய்தித்தாள்; நேராகச் சுற்றினால் மை வர்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கனமானவை அடியில், காகிதக்கூழ் பொம்மைகள் மேலே. எந்தப் பெட்டியில் எது என்பதை மகள் மூடியின் உட்புறத்தில் எழுதினாள். போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு, சட்டத்தின் காலோடு சேர்த்துக் கட்டியாயிற்று.

பரணில் இப்போது கொலுப் பெட்டிகள்தான் முன்வரிசை. பின்னால் பாதி இடம் காலி. அங்கே எதையும் வைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். "கோ.வி." தூக்கு சமையலறை மேடையில் இருக்கிறது. தீபாவளிப் பலகாரம் போட்டுத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போகிறோம்.

தொலைக்காட்சி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. நேற்று அம்மா அதன்மேல் ஒரு துணியை விரித்து, கொலுவுக்கு வந்த தாம்பூலப் பைகளை அடுக்கிவைத்திருக்கிறார்.