கட்டம் கட்டமாக

ஜூன் 4, 2024

தம்பி விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியில் பெயிண்ட் என்னும் வரையும் செயலியை இன்று திறந்தேன். நடுவில் ஒரு வெள்ளைத் தாள், அதற்கு மேல் கருவிகள், நிறங்கள், அவ்வளவுதான். தாளை 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, கண்ட்ரோல் விசையோடு ஜி விசையை அழுத்தியதும் திரை முழுவதும் கட்டங்கள் விரிந்தன. பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. தறியில் நெய்யும் சேலைக் கரைகளுக்காக அப்பா நாற்பது ஆண்டுகளாகக் குனிந்து நிரப்பிய கிராப் தாள் அங்கே இருந்தது.

ஜூன் 5

அப்பா இன்று கஞ்சி முழுவதையும் குடித்தார்.

ஜூன் 7

சுட்டியின் இடப் பொத்தான் முதல் நிறத்தையும் வலப் பொத்தான் இரண்டாம் நிறத்தையும் வைக்கின்றன. கற்றவற்றில் எனக்கு மிகவும் உதவப் போவது இதுதான் என்று நினைக்கிறேன். முதல் நிறம் கறுப்பாகவும் இரண்டாவது வெள்ளையாகவும் இருக்கும்போது, ஜரிகை மேலே தெரிய வேண்டிய கட்டத்தில் இடப் பொத்தானையும், ஜரிகை வேண்டாத கட்டத்தில் வலப் பொத்தானையும் அழுத்திக்கொண்டே போகலாம்; அழிப்பானை எடுக்கவே தேவையில்லை. ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பென்சில் நேர்கோட்டை விட்டு விலகுவதில்லை.

கோடு, வட்டம் என்று ஆயத்தமாக இருக்கும் வடிவங்கள் நமக்கு ஆகாது. சாய்வான கோட்டை அவற்றால் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்புக் கட்டங்களின் ஓரத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குக் கோடு வழவழப்பாகத் தெரிவதற்காகச் செயலி தானாகச் செய்யும் வேலை அது. தறிக்குச் சாம்பல் நிறம் கிடையாது. தறிக்கு டிசைனைச் சொல்லும் அட்டையில் ஓட்டை இருக்கும், அல்லது இருக்காது. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கும் ஹூக்கு எழும்பும், அல்லது எழும்பாது. பென்சில் மட்டுமே கட்டத்தை முழுக் கறுப்பாக வைக்கிறது. சாய்வு படிக்கட்டாகத் தெரிந்தாலும் அதுவே உண்மையான வடிவம், ஏனென்றால் நெய்த பிறகும் அது படிக்கட்டுதான்.

ஜூன் 8

அன்னப்பட்சித் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தாத்தா காலத்துக் கரை அது. அப்பா தம் முப்பதாவது வயதில் அதைத் திருத்தி மறுபடி வரைந்தார். நான்காக மடித்து வைத்ததால் மடிப்புகள் கிழிந்து, பென்சில் நிரப்பிய இடங்கள் பழுப்பாகக் கிடக்கின்றன. இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் துளை விழுந்திருக்கிறது. அந்தத் துளை சரியாக அன்னத்தின் கண் இருக்கும் இடத்தில் விழ வேண்டுமா?

ஜூன் 9

தாளின் அளவை முதலில் குறித்துவிட வேண்டும். அட்டைகளுக்கு ஏற்ப ஹூக்குகளை எழுப்பும் எங்கள் ஜக்கார்டு பெட்டி 240 ஹூக்கு. ஆகவே அகலம் 240 கட்டம். ஓர் அன்னத்துக்கு 120, எதிரெதிராக இரண்டு. உயரம் 180 வரி. வரிக்கு ஓர் அட்டை என்று 180 அட்டைகள். கண்ட்ரோல் விசையோடு ஈ விசையை அழுத்தினால் வரும் பெட்டியில் இந்த எண்களை அப்படியே கொடுத்தேன். திரையில் அந்தத் தாள் உள்ளங்கை அளவுதான் தெரிகிறது. இதற்குள் அப்பாவின் மாதக் கணக்கான உழைப்பு அடங்கும் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

ஜூன் 12

முதலாளி தொலைபேசியில் அழைத்தார். ஆவணி முகூர்த்தத்துக்கு அன்னக் கரை வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததை நினைவூட்டினார். அப்பாவின் உடல்நிலையையும் விசாரித்தார். வேறு டிசைன் இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

ஜூன் 15

மூன்று நாட்களாக என்னை வாட்டிய கேள்விக்கு இன்று விடை கிடைத்தது. தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக எண்ணி வைத்த பின்பும், திரையில் வந்த அன்னம் கழுத்து நீண்டு, உடல் ஒடுங்கி, நாரையைப் போல நின்றது. எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி மறுபடி எண்ணினேன். தாளில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றுதான். பிறகு அப்பாவின் தாளில் ஒரே ஒரு கட்டத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தபோது விளங்கியது: அது சதுரம் அல்ல. அகலம் அதிகம், உயரம் குறைவு.

எங்கள் தறிக்கு அப்பா வைத்திருந்த கணக்கு, கரையின் அகலத்தில் அங்குலத்துக்கு 40 ஹூக்கு, உயரத்தில் அங்குலத்துக்கு 60 வரி. ஆகவே துணியில் ஒவ்வொரு கட்டமும் ஒன்றரைப் பங்கு அகலமாகத்தான் விழும். தாள் அந்த விகிதத்தில் அச்சடித்தது. பெயிண்டில் கட்டம் எப்போதும் சதுரம்தான். அதை மாற்ற வழியில்லை. எனவே திரையில் ஒல்லியாகத் தெரியும் அன்னமே தறியில் சரியான அன்னமாக வரும். திரையில் அழகாகத் தெரியும் அன்னம் தறியில் நசுங்கிப் போகும்.

கண்ணால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கோப்பை வேறு பெயரில் சேமித்து, அளவு மாற்றும் பெட்டியில் விகிதத்தைக் காக்கும் குறியை எடுத்துவிட்டு, அகலத்தை மட்டும் 150 விழுக்காடாக்கினால், துணியில் எப்படி இருக்குமோ அப்படியே தெரிகிறது. அந்தப் படியைப் பார்ப்பதற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், அதில் ஒரு கட்டத்தைக்கூடத் திருத்தக் கூடாது. அந்தப் படியை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 16

கண் ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

ஜூன் 20

உடலை நிரப்பினேன். வாளிக் கருவியால் உள்ளே ஒரு முறை அழுத்தினால் போதும், கோட்டுக்குள் இருக்கும் வெள்ளை முழுவதும் கறுப்பாகிறது. கட்டங்கள் மூலையோடு மூலை மட்டும் தொட்டிருந்தாலும் நிறம் அந்த இடைவெளி வழியே வழிவதில்லை. பக்கவாட்டில் ஒரு கட்டம் திறந்திருந்தால் தாள் முழுவதும் பரவிவிடுகிறது.

ஆனால் முழுக் கறுப்பாக நிரப்பிய உடலை நெய்ய முடியாது. ஜரிகை ஒரே வரியில் நெடுந்தூரம் பாவு இழைகளில் பிடிபடாமல் ஓடினால் தொங்கும்; வளையலில் மாட்டும், மோதிரத்தில் மாட்டும், இரண்டு முறை உடுத்துவதற்குள் இழை இழுத்துக்கொண்டு வரும். தொடர்ந்து ஏழு கட்டத்துக்கு மேல் கறுப்பு ஓடக் கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம். எட்டாவது கட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து ஜரிகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால் துணியில் கோடு கிழித்ததுபோல் தெரியும் என்பதால், ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டம் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். எட்டு வரி முடிந்ததும் முதல் இடத்துக்கே திரும்பி வரும். அப்பா இதைக் கணக்குப் பார்த்துச் செய்ததை நான் கண்டதில்லை. அவருடைய பென்சில் தானாகவே அந்தக் கட்டத்தைத் தாண்டிச் செல்லும்.

நான் எட்டுக்கு எட்டாக ஒரு கறுப்புத் துண்டு செய்து, அதில் எட்டு வெள்ளைப் புள்ளிகளை அந்த வரிசையில் வைத்தேன். இரண்டாம் நிறத்தைக் கறுப்பாக்கி, வெட்டி ஒட்டும்போது பின்னணியை ஊடுருவ விடும் தெரிவை இயக்கினால், துண்டின் கறுப்பு மறைந்து புள்ளிகள் மட்டும் அன்னத்தின் மேல் பதிகின்றன. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் உடல் முழுவதும் பிடிப்பு விழுந்துவிடுகிறது. ஓரக் கோட்டின் மேல் விழுந்த புள்ளிகளை மட்டும் கையால் கறுப்பாக்க வேண்டும், இல்லையென்றால் அன்னத்தின் விளிம்பு பல் பல்லாகத் தெரியும்.

தலைப்பகுதியில் ஒட்டவில்லை. அங்கே விழும் பிடிப்புப் புள்ளிக்கும் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 23

மருத்துவமனை. வலக் கைக்குப் பயிற்சி தொடர வேண்டும், பேச்சு மெல்ல வரும், பொறுமை வேண்டும் என்றார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா தம் வலது கட்டைவிரலை இடக் கையால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 26

அட்டை அடிக்கும் இடத்தில் கேட்டேன். இரண்டே நிறமுள்ள பிட்மேப் கோப்பாகக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஜேபெக் என்னும் படக்கோப்பு வகை வேண்டவே வேண்டாம்; அது கோப்பைச் சுருக்குவதற்காகக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடமெல்லாம் அழுக்குப் பூசிவிடுகிறது. சேமிக்கும் பட்டியலில் மோனோகுரோம் பிட்மேப் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டமும் ஒன்று அல்லது சுழியம். எங்கள் கரை முழுவதும் ஆறு கிலோபைட்டுக்கும் குறைவாக அடங்கிவிட்டது.

1985இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த பெயிண்டிலும் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் இருந்தனவாம். எங்கள் வேலைக்கு அன்றைய பெயிண்டே போதுமானதாக இருந்திருக்கும். அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்ற முதியவர், எழுத்து வடிவமைப்பாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், கண்பார்வை மங்கிய பிறகு இதே செயலியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக ஓவியங்கள் வரைந்திருக்கிறார். 2014இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். தலையசைத்தார்.

ஜூலை 2

எதுவும் வரையவில்லை. அம்மா இரவு முழுவதும் உறங்கவில்லை. வெளியே மழை வருவதுபோல் இருந்து வராமலே போயிற்று. பக்கத்து வீட்டுத் தறியின் ஓசை மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தது. நம் வீட்டுக் குழித்தறியின் மேல் போட்ட துணியை நான் எடுக்கவேயில்லை.

ஜூலை 6

கண்ணுக்கு இன்று விடை கிடைத்தது என்று எழுதக் கை நடுங்குகிறது. கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரே கட்டம் வைத்தால் துணியில் அது அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு அகலம், அறுபதில் ஒரு பங்கு உயரம். படுத்துக் கிடக்கும், அன்னம் உறங்குவதுபோல் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்தால் இன்னும் மோசம், கோடாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் நாற்பதில் ஒரு பங்கு அகலமும் முப்பதில் ஒரு பங்கு உயரமும் வருகிறது. சற்றே நிமிர்ந்த கண். விழித்த கண்.

மூன்று வகைகளையும் மூன்று கோப்புகளில் வைத்து, அகலத்தை விரித்து, தலையை மட்டும் பெரிதாக்கி அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலாவதற்கு “இல்ல” என்றார். இரண்டாவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வந்ததும் இடக் கையை நீட்டித் திரையைத் தொட்டார். ஆனால் கண்ணை அல்ல, அதை ஒட்டிப் பின்னால் நான் கையால் வைத்திருந்த பிடிப்புப் புள்ளியை. எனக்குப் புரியவில்லை. மறுபடி அங்கேயே தொட்டார். அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கியபோதுதான் தெரிந்தது: கண்ணைச் சுற்றி ஒரு கட்ட அகலத்துக்கு முழுக் கறுப்பு வளையம் வேண்டும், பிடிப்புப் புள்ளி எதுவும் அதற்குள் வரக் கூடாது. வளையம் முடிந்ததும் “ஆங்… கண்ணு” என்றார். ஜூன் மாதம் முழுவதும் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஜூலை 7

“கண்ணு” என்று இன்றும் சொன்னார்.

ஜூலை 9

முதல் அன்னம் முடிந்தது. முழுவதையும் தெரிவு செய்து, படியெடுத்து, கிடைமட்டமாகத் திருப்பி வலப் பாதியில் ஒட்டினேன். இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன, அலகுகள் நடுவில் உள்ள பூங்கொடியை நோக்கியிருக்கின்றன. ஆனால் கொடியின் தண்டு இடப் பாதியில் கடைசிக் கட்டத்தில் இருப்பதால், திருப்பி ஒட்டியதும் 120ஆம் கட்டத்திலும் 121ஆம் கட்டத்திலும் இரட்டையாக விழுந்து, மெல்லிய தண்டு தடித்துவிட்டது. ஒன்றை எடுத்துவிட்டால் மொத்தம் 239 ஆகும். மிஞ்சும் ஒரு ஹூக்கை வெளி ஓரத்தில் வெறுமையாக விடலாமா, அல்லது தண்டை இரண்டு கட்டமாகவே வைத்து இலைகளை ஒரு கட்டம் வெளியே தள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும். பழைய தாளின் நடுமடிப்பில் அவர் பென்சிலால் சிறியதாக ஏதோ எழுதியிருக்கிறார். 1 என்று தொடங்குகிறது, மீதி