கேட் ரிமோட்டுக்கு வழிவிடும் ரேடியோ: இதுவரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் கேட் மோட்டார் இருக்கிறது. எங்கள் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அந்த ரிமோட்தான் சேனலின் சொந்தக்காரர். கதவு சென்சார், தண்ணீர்த் தொட்டிச் செய்திகளை அதே பட்டையில் அனுப்பும் என் ரேடியோ ஒண்டுக்குடித்தனம். அவர் வாய் திறந்தால் நான் உடனே வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பலரும் குறைந்த சக்தியில் பகிர்ந்துகொள்ளும் அலைவரிசைப் பட்டை என்பதால், இந்த 'சொந்தக்காரர்' ஏற்பாடு நானே போட்டுக்கொண்ட ஆட்ட விதி.

சாமான்கள்: ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி), கேட்பதற்கு ஆர்டிஎல் எஸ்டிஆர் குச்சி (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்), அனுப்புவதற்கு லோரா மாட்யூல் (குறைந்த சக்தியில் தூரம் போகும் சிறு ரேடியோ). குச்சி ஒரே வீச்சில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் பார்ப்பதால் பட்டை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. சேனல் சேனலாகத் தாவ வேண்டாம். குச்சியின் தானியங்கி கெயினை (சிக்னலை அதுவே கூட்டிக் குறைக்கும் வசதி) மட்டும் கட்டாயம் அணைக்க வேண்டும். இல்லையென்றால் அளவுகோலே நீண்டு சுருங்கும்.

அதிக நேரம் தின்றது வரம்பு. சக்தி எவ்வளவு ஏறினால் 'ஆள் இருக்கிறார்' என்று எடுத்துக்கொள்வது? நிலையான எண் கொடுத்தால் தாங்காது. ஒருநாள் தெருவில் கரண்ட் போனது. சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாம் ஓய்ந்ததும் இரைச்சல் தளம் (யாரும் பேசாதபோதும் இருக்கும் பின்னணி இரைச்சல்) சட்டென்று இறங்கியது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்ததும் மறுபடி ஏறியது. இப்போது பட்டையின் இடைநிலை இரைச்சலை அவ்வப்போது அளந்து, அதற்கு மேல் 6 டெசிபெல்லை வரம்பாக வைத்திருக்கிறேன். கரண்ட் வந்தாலும் போனாலும் அதுவே சரிசெய்துகொள்கிறது.

அப்புறம் நேரப் பங்கீடு. என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிர் இதுதான். கேட்க அதிக நேரம் ஒதுக்கினால் அனுப்ப நேரமில்லை. குறைத்தால் சொந்தக்காரரைத் தவறவிடுவோம். அனுப்பும்போது என் குச்சி செவிடு, எனவே பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் செய்தி) எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் தொந்தரவு. லோராவில் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் அனுப்ப எஸ்எஃப் (லோராவின் பரப்பல் எண், கூட்டினால் தூரமும் நேரமும் கூடும்) 7-ல் சுமார் 57 மில்லிசெகண்ட் போதும். எஸ்எஃப் 10-ல் அதுவே சுமார் 370. தூரம் கிடைக்கும் என்று 10-ல் ஓடவிட்டிருந்தபோது, அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்: "ஏன்டா, இந்த கேட் ஒரே அமுக்கில் திறக்க மாட்டேங்குதே?" எந்த வரைபடத்தையும்விட துல்லியமான சேவைத் தர அறிக்கை. 7-க்கு மாறியபின் புகார் இல்லை.

அனுப்பும் செய்திகளுக்கு இரண்டு வரிசைகள். கதவு சென்சார் செய்தி எப்போதும் முன்னால் போகும். தண்ணீர்த் தொட்டி அளவு காத்திருக்கும், பழையதாகிவிட்டால் தூக்கி எறிந்துவிடலாம். காலியாக இருந்த ஒரு சேனலை எப்போதும் மாற்றாக ஒதுக்கி வைப்பதால் மொத்த வேகம் குறைகிறது, ஆனால் கதவுச் செய்தி தாமதமாவதில்லை.

தீராதது ஒன்று: மேடு பள்ளம். சரிவுக்குக் கீழே அழுத்தும் ரிமோட் என் ஆண்டெனாவுக்குக் கேட்பதில்லை, என் அலையோ அந்த கேட்டுக்கு எட்டக்கூடும். காலியான டிவி அலைவரிசைகளுக்கு 2018-ல் ஐகாசா (தென்னாப்பிரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) போட்ட விதிகள் கருவியின் காதை நம்பாமல், இருப்பிடத்தைச் சொல்லித் தரவுத்தளத்திடம் சேனல் வாங்கச் சொல்வதற்கும் இத்தகைய சிக்கல்தான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். கேட் ரிமோட்டுக்கு ஏது தரவுத்தளம்? இரண்டாவது குச்சியை சரிவின் கீழே மாமா வீட்டில் வைத்து, இருவரில் யாருக்குக் கேட்டாலும் ஒதுங்கிக்கொள்வது அடுத்த வேலை. மாமா வைஃபை கடவுச்சொல் தர சம்மதித்துவிட்டார்.