நிழலுக்குக் காசில்லை, சைக்கிளுக்கு உண்டு

முதலில் அந்த 30 வெள்ளியைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் ஆரம்பித்தால் எழுதி முடிக்கும் வரை அது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கு வெள்ளி என்று பெயர். நான் போனபோது ஒரு வெள்ளி என்றால் நமக்கு ஏறத்தாழ 65 ரூபாய். இந்தப் பெருக்கல் கணக்கு, விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து திருச்சியில் திரும்ப இறங்கும் வரை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் வாடகை மணிக்கு 10 வெள்ளி என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு எடுத்தேன். கடையில் இருந்த தம்பி என் பேச்சைக் கேட்டதும், "அண்ணே திருச்சியா? நான் மணப்பாறைப் பக்கம்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முறுக்கு, மாட்டுச்சந்தை என்று ஐந்து நிமிடம் ஊர்ப்பேச்சு. சீட்டை ஏற்றி இறக்கி, பிரேக்கெல்லாம் பார்த்துக் கொடுத்தான். பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன். அதே தம்பி, அதே சிரிப்போடு, "இன்னொரு மணி நேரம் சேர்த்தாச்சுண்ணே, போர்டுலயே எழுதியிருக்கு" என்றான். எழுதித்தான் இருந்தது, போர்டின் அடியில், எறும்பு எழுத்தில். ஆக மொத்தம் 30 வெள்ளி. 1,950 ரூபாய். ஊரில் அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாம். போகிறவர்கள் கவனம்: நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஊர்ப்பாசத்தை நம்பாதீர்கள்.

தாமதமானதற்குக் காரணம் டைனோசர். கடற்கரைப் பாதையிலேயே கிழக்கே மிதித்துக்கொண்டு போனால், சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் இணைப்புப் பாதை வரும். அதன் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆள் உயரத்தைத் தாண்டிய டைனோசர் பொம்மைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டால் என் கால் தானாக நின்றுவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று படம் எடுத்தேன். அந்தப் படங்கள்தான் எனக்கு 10 வெள்ளி ஆயின.

நான்கு நாள் பயணத்தை நாள்வாரியாக, செலவு விவரத்தோடு எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். பாருங்கள், மூன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். போகட்டும்.

தங்கியது பிடோக்கில், மாமா வீட்டில். அம்மாவின் தம்பி. முப்பது வருடம் கப்பல் பட்டறையில் பெயின்ட் வேலை பார்த்தவர். இப்போது ஓய்வு. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விடுவார். நானும் ஒரு நாள் கூடப் போனேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் நீளம். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் கடல். 1966-இலிருந்து, சிக்லாப், தெம்பனிஸ் பக்கத்து மேடுகளை வெட்டிக் கடலில் கொட்டிக் கரையாக்கியிருக்கிறார்கள். அப்படிக் கொட்டிய மண்ணின் மேல் இன்று தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. தென்னை, சவுக்கு, வாதாங்கொட்டை மரம் எல்லாம் நம்மூர் முகங்கள்தான். கடலில் அடிவானம் முழுக்கக் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. "இதுல ஒண்ணு ரெண்டுக்கு நான் பெயின்ட் அடிச்சிருப்பேன் மாப்ள" என்றார் மாமா. எது என்று கேட்டேன். "பெயின்ட் அடிச்சவனுக்குக் கப்பலோட அடிவயிறுதான் தெரியும், முகம் தெரியாது" என்றார்.

திருச்சியில் எங்கள் தெருமுனையில் ஒரு பூங்கா இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பூட்டுவார்கள், மாலை நான்குக்குத் திறப்பார்கள். வெயில் கொளுத்தும் நேரத்தில்தானே மனிதனுக்கு நிழல் வேண்டும்? அப்போது நிழல் உள்ளே, மனிதன் வெளியே. சிங்கப்பூரில் நான் போன எந்தப் பூங்காவிலும் பகலில் பூட்டிய கேட்டைப் பார்க்கவில்லை. ஈஸ்ட் கோஸ்டில் கேட்டே கண்ணில் படவில்லை. பூமலை காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு 12 வரை திறந்திருக்கிறது. சுத்தத்தை எல்லோரும் புகழ்ந்து எழுதிவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது இந்தத் திறந்த வாசல்தான்.

பூமலை என்றால் பொட்டானிக் கார்டன்ஸ். சிங்கப்பூர்த் தமிழர்கள் வைத்த பெயர். எவ்வளவு அழகு! பெயரைக் கேட்டே பாதி சந்தோஷம் வந்துவிட்டது. பிடோக் நார்த்தில் ஏறினால் எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலின் டவுன்டவுன் பாதையில் வண்டி மாறாமலேயே போய் இறங்கலாம். ஆனால் அங்கேதான் நான் முட்டாளானது. 5 வெள்ளி நோட்டின் பின்பக்கம் ஒரு மரம் இருக்கும், தெம்புசு மரம். கீழ்க்கிளை ஒன்று தரைக்கு இணையாக நீண்டு போகும். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. எம்ஆர்டி நிலையம் தோட்டத்தின் ஒரு முனை. மரம் கிட்டத்தட்ட மறுமுனை. மத்தியான வெயிலில் அந்த நீளத்தை நடந்தேன். நேப்பியர் நிலையத்தில் இறங்கியிருந்தால் பக்கம். வண்டி மாற வேண்டுமே என்ற சோம்பேறித்தனத்துக்குக் கால் வட்டி கட்டியது.

மரத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. நோட்டை எடுத்து மரத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொருத்திப் பார்த்தேன். தோட்டம் இந்த இடத்துக்கு வந்தது 1859-இல். மரம் அதற்கும் முந்தியது என்கிறார்கள். சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள், தொட முடியாது. அது நியாயம்தான். விட்டால் நாமே கத்தியால் பெயர் செதுக்கிவிட்டு வருவோம்.

இந்தத் தோட்டத்துக்கு யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்தது. அது போகட்டும். எனக்குத் தொண்டை அடைத்தது ரப்பர் மரத்தின் முன்னால். 1877-இல் லண்டன் வழியாக இங்கே வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளிலிருந்துதான் மலாயாவின் ரப்பர் காடே பெருகியது. 1888-இல் இயக்குநராக வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தார். பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர். அந்தப் பைத்தியம் பலித்தது. பலித்ததும், பால் வெட்ட ஆள் வேண்டும் என்று கப்பல் கப்பலாக நம் சனங்களை ஏற்றி வந்தார்கள். என் அம்மாவின் தாத்தாவும் அதில் ஒருவர். மலாயாவின் ஜொகூரில் ஏதோ ஒரு தோட்டத்தில் பால்வெட்டு. அதிகாலை இருட்டில் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு போவாராம். அவர் வெட்டிய கோடு எப்படி இருந்திருக்கும் என்று பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மரத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்தது. நான் நகரக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். உள்ளூர்க்காரர்களுக்கு 5 வெள்ளி, நம்மைப் போன்றவர்களுக்கு 15. வாசல் வரை போய், பெருக்கிப் பார்த்து, திரும்பிவிட்டேன். கஞ்சத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வாசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் புதரைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழு மாமா" என்று தமிழ் காதில் விழுந்தது. அறந்தாங்கிக்காரர்கள். "பாக்குறதுக்கு நல்லாத்தாண்ணே இருக்கும். இங்க மழை பெய்யப் பெய்ய வெட்டிக்கிட்டே இருக்கணும், ஒரு வாரம் விட்டா காடாயிடும்" என்றார் ஒருவர். சிங்கப்பூர் பச்சையாக இருப்பது தானாக நடப்பதில்லை. 1963-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ மரம் நட்டுத் தொடங்கி வைத்த வேலை இது. இன்றைக்கு அந்தக் கத்தரிக்கோல் அறந்தாங்கிக் கையில் இருக்கிறது.

கார்டன்ஸ் பை த பேயைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதியாயிற்று. குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களுக்கு டிக்கெட் விலையைப் பார்த்து மயக்கம் வந்தது. சூப்பர் மரங்கள் என்கிற மர வடிவக் கோபுரங்களுக்குக் கீழே மல்லாந்து படுத்து இரவு 7.45 ஒளிக்காட்சியைப் பாருங்கள், அது சும்மா. போதும்.

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் அருமை, சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் மரப்பலகை அலை அலையாக வளைந்து போகிறது. ஆனால் பாலத்தின் நடுவில் நிற்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. செயலியில் காரைக் கூப்பிட்டால், சற்று முன் 13 வெள்ளி காட்டிய தூரத்துக்கு 27. மழைக்கு இரட்டை விலை வைக்கிறவர்கள் வெயிலுக்குத் தள்ளுபடி தருவார்களா? முக்கால் மணி நேரம் ஒதுங்கி நின்று பஸ்ஸில் போனேன். குடை எடுத்துப் போங்கள். இன்னொன்று, நம் வங்கி அட்டையை பஸ், எம்ஆர்டியில் நேரடியாகத் தட்டினால் பயணம் செய்கிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். முதல் நாளே மாமியின் பழைய பயண அட்டையை வாங்கிக்கொண்டேன்.

பீஷான் பூங்காவுக்குப் போனது மாமாவின் வற்புறுத்தலால். பட்டியலிலேயே இல்லாத இடம், கடைசியில் அதுதான் முதலிடம். அங்கே காலாங் ஆறு ஓடுகிறது. முன்பு அது 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் கான்கிரீட் வாய்க்கால். கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு, ஆற்றை வளைந்து நெளிந்து போக விட்டார்கள். 2012-இல் வேலை முடிந்தபோது அதே ஆறு 3.2 கிலோமீட்டர். கரைக்குச் சுவர் கிடையாது, புல்சரிவுதான். மழை வந்தால் தண்ணீர் ஏறும், ஆட்கள் மேலே ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் எங்கள் ஊருக்குள் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஓடுவதையும், நாம் அதற்குச் சுவர் எழுப்புவதையே திட்டம் என்று சொல்வதையும் நினைத்தேன். வயிறு எரிந்தது.

அப்போது ஒரு சீனப் பாட்டி என் முழங்கையைத் தட்டி, உதட்டில் விரல் வைத்து, தண்ணீரைக் காட்டினார். முதலில் ஒரு தலை. பிறகு நான்கு. ஏழு நீர்நாய்கள்! ஒன்று கரையேறி என்னிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டாலும் ஜிலேபிக் கெண்டை மாதிரி ஒரு மீனை இறுக்கிப் பிடித்து, தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம், பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்குவது மாதிரி. கண்ணை மூடி மூடித் தின்றது. குட்டி ஒன்று பக்கத்தில் வந்து கீச்சுக்கீச்சென்று கத்த, முதுகைத் திருப்பிக்கொண்டது. வாலை மட்டும் கடைசியில் விட்டுக் கொடுத்தது. செலவு பூஜ்யம்.

சாப்பாடு இரண்டே வரியில் முடிக்க நினைத்தேன், முடியாது. கடைசி மாலை, ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவு நிலையம். கடலுக்கு முதுகு காட்டாமல் மேசை பிடிப்பதே ஒரு கலை. மாமா கைத்துண்டைப் போட்டு இடம் பிடித்தார், பஸ் சீட்டுக்குத் துண்டு போடுகிற அதே கை. கோழிச் சாத்தே இருபது குச்சி, 16 வெள்ளி. கரி அடுப்புமேல் குச்சிகளை அடுக்கி, விசிறியால் விசிறி விசிறித் திருப்புகிறார்கள். சொட்டுகிற எண்ணெய் நெருப்பில் விழுந்து எழும்பும் புகைதான் பாதி ருசி. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்தது, காரமும் இனிப்புமாக. கூட வெள்ளரித் துண்டு, பச்சை வெங்காயம். இந்தக் கடலை நம் சட்னிக்கு ஒன்றுவிட்ட தம்பி. எட்டுக் குச்சியில் நிறுத்த நினைத்தேன், பதினான்கு ஆனது. இந்தக் கணக்கை மட்டும் நான் பெருக்கவே இல்லை.

திரும்பி வரும்போது மாமாவின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில், பச்சைச் சைக்கிள் ஒன்று சங்கிலி போட்டு நின்றது. மாமா போகிற போக்கில் அதன் சீட்டைத் தட்டிவிட்டுப் போனார்.

"இது யாரோடது மாமா?"

"என்னுதுதான். காத்து மட்டும் இல்ல."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நீ டைனோசர் பாக்கணும்னுதானே சொன்ன? சைக்கிள் வேணும்னு எங்க கேட்ட?"