சூரைச்செடியின் கீழே கிடைத்த பெலன்

அப்பா பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஜெபிப்பதற்கு எனக்கு வார்த்தைகளே இல்லாமல் போயின. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகக் கைப்பேசியில் வைத்த அலாரம் இரவு 12 மணிக்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் அடிக்கும். எழுந்து, ஒரு கையை அவருடைய தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து என் பக்கமாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, முழங்கால்களுக்கு நடுவில் மடித்த துணியை வைத்துவிட்டு நான் போய்ப் படுத்தால், கண் அயர்வதற்குள் அடுத்த அலாரம் அடித்துவிடும்.

அப்படி ஓர் இரவில், "ஆண்டவரே, என்னால் முடியவில்லை" என்று மட்டும் சொன்னேன். அதை ஜெபம் என்று நான் அப்போது எண்ணவில்லை. விசுவாசத்தில் தோற்றுப்போனவளின் புலம்பல் என்றே எண்ணி வெட்கப்பட்டேன்.

மறுநாள் மாலையில் எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர் வந்தார். வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல் வார்த்தைகள் எதையும் அவர் சொல்லவில்லை. அப்பாவை எப்படிப் புரட்டுவது என்று ஒரு தரம் செய்து காட்டச் சொல்லிக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நீ சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூங்கும்மா, ராத்திரிக்கு நான் இருக்கிறேன்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன்.

அந்தக் காலையில் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுக்கொள்கிறான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தேவதூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ள, தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பி, போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். அந்தப் போஜனத்தின் பலத்தினால் அவன் 40 நாள் இரவும் பகலும் நடந்து ஓரேப் மலைக்குப் போனான். தலைமாட்டில் இருந்த அந்த அடையையும் தண்ணீரையும் வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் அதே கிருபை என் வீட்டுக் கதவைத் தட்டி வந்திருந்தது என்பதை எப்படி நான் அறியாமல் இருந்தேன்?

ஓரேபில் நடந்ததையும் நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி ஆகியவற்றுக்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் தேவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" எலியா இரண்டு முறையும் சொன்ன பதிலும் அதே மனக்கசப்புதான். அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்ட பிறகும் அவன் சோர்வு உடனே மாறிவிடவில்லை. மாறாதவனிடத்திலேயே தேவன் அடுத்த வேலையை ஒப்புவித்தார். தான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று சொன்னவனுக்கு, பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் உண்டு என்று அறிவித்தார். மனம் தேறினால்தான் தேவன் நம்மைப் பயன்படுத்துவார் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதலாயிற்று.

ஏசாயா 40:31-இல், "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்று வாசிக்கும் இடத்தில், எபிரெய மூலத்திலுள்ள வினைச்சொல்லுக்கு மாற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளும் உண்டு. சிறையிலிருந்து பார்வோனிடம் வரவழைக்கப்பட்ட யோசேப்பு உடை மாற்றிக்கொண்டதைச் சொல்லும் ஆதியாகமம் 41:14-லும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. இதை அறிந்த நாள்முதல், காலையில் அப்பாவுக்குச் சட்டை மாற்றும் வேலையை நான் முன்போலச் செய்வதில்லை. கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில் கழற்ற வேண்டும். போடும்போது செயலிழந்த கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். அவர் செய்யவேண்டியது எதுவும் இல்லை, என் கைகளுக்குத் தம்மை விட்டுக்கொடுத்தால் போதும். வேர்த்து நனைந்த சட்டை போய், உலர்ந்த சட்டை உடம்பில் பட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். என் பெலவீனத்தை ஒளித்துவைத்துவிட்டு மற்றதை மட்டும் தேவனிடம் நீட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அந்தச் சட்டைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அப்பாவின் நிலையில் பெரிய மாற்றம் இல்லை. அக்கா வாரத்தில் ஓர் இரவு வந்து இருக்கிறார். மற்ற இரவுகளில் அலாரம் அடிக்கிறது, நான் எழுந்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு வேண்டிய பெலனை நான் இப்போது கேட்பதில்லை. 12 மணிக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு மணி வரைக்கும் தாங்கும் ஆண்டவரே என்று கேட்கிறேன். 2 மணிக்கு எழுந்ததும், நான்கு மணி வரைக்கும்.